தோட்டத்தில் திருட வருகிறவனை எதுவரை தடுக்கலாம்? வேலியில் கரண்ட் விடச் சொல்கிறார்கள்

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிக்குக் கிழக்கே, கெடிலம் ஓரமாக எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. நடுவில் ஓட்டு வீடு, முன்னால் பலா, கொல்லையில் முந்திரி, கிணற்றடியில் 16 தென்னை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அப்பா வைத்த மரங்களில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டன. இப்போது காய்க்கிற பலா எல்லாம் அதற்கப்புறம் அம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. எந்த மரம் எந்த வருஷம் முதல் காய் விட்டது என்று இன்றைக்கும் கேட்டால் சொல்வார்.

இந்த சீசனில் மூன்று தடவை திருட்டு. முதலில் எட்டுப் பலாப்பழம் போனது. அடுத்து மோட்டார் கொட்டகையிலிருந்து கிணறு வரைக்கும் போகிற ஒயரை அறுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது போன வாரம். நான் வெளியூரில் இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்குச் சத்தம் கேட்டு அம்மா டார்ச் அடித்திருக்கிறார். இரண்டு பேர் கல்லை விட்டெறிந்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். கல் திண்ணையில் விழுந்தது. அம்மாவுக்கு வயது 67. அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை, நானும்தான்.

புகார் கொடுத்தோம். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, கையில் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர், "ராத்திரி மட்டும் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு மொட்டைக் கம்பியை வேலியோடு ஓட்டிவிடு, விடிந்ததும் அணைத்துவிடு" என்கிறார். மாமாவும் அதற்கு ஒத்து ஊதுகிறார். "உன் இடம், உன் வேலி, உள்ளே வந்தவன் செத்தால் அது அவன் பாடு" என்கிறார். கம்பி, குச்சி எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. இன்னும் இணைக்கவில்லை.

மாமா சொல்வது சட்டப்படி சரியா? கையில் சிக்கினால் அடிக்கலாமா, கட்டி வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முந்திரிக்காடு

தம்பி, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நானும் குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரி வைத்திருக்கிறேன். கொட்டை பொறுக்குகிற ஒரு மாதத்தில்தான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. அந்த ஒரு மாதத்தில்தான் இவர்களும் வருவார்கள். என் அனுபவத்தில் ஒருவனைப் பிடித்து நாலு பேர் சேர்ந்து வெளுத்தால்தான் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சட்டம் பேசுகிறவர்கள் யாரும் ராத்திரி நம் கொல்லையில் வந்து படுக்கப் போவதில்லை. கரண்ட் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் பயம் இருக்க வேண்டும், அது மட்டும் நிச்சயம்.

ஒயர்மேன் முதுநகர்

கெடிலக்கரை தம்பி, முதல் வேலையாக அந்தக் கம்பியைச் சுருட்டி உள்ளே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

30 வருஷம் இந்த வேலையில் இருந்தவன் சொல்கிறேன். சோலார் வேலி என்று விற்கிறார்களே, அதில் மின்சாரம் விட்டு விட்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் வரும். தொட்டால் சுளீர் என்று அடிக்கும், கை விடுபட்டுவிடும். வீட்டு லைனில் வருவது 230 வோல்ட், இடைவெளி இல்லாமல் ஓடுவது. அதைப் பிடித்தவன் கையின் தசை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. வீட்டில் மாட்டுகிற ஈ.எல்.சி.பி. (கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற கருவி) 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். வேலிக்குக் கரண்ட் விடுகிறவர்கள் முதலில் செய்வது அதைத் தாண்டி நேராக இணைப்பதுதான், இல்லாவிட்டால் பனி ஈரத்திலேயே விழுந்துகொண்டிருக்கும். அதாவது உயிரைக் காப்பாற்றுகிற ஒரே கருவியைக் கழற்றிவிட்டுத்தான் இந்த வேலியே நிற்கிறது.

யார் அதில் மாட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சர்வீசில் இரண்டு உடல்களை வேலியிலிருந்து எடுக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒருவர் அவிழ்த்துக்கொண்டு போன ஆட்டைத் தேடி விடியற்காலையில் வந்தவர். இன்னொருவர் வேலி போட்டவரின் தம்பி மகன், ஸ்விட்சை அணைக்க மறந்திருந்தார்கள். இரண்டு பேருமே திருட வந்தவர்கள் இல்லை. அந்தப் பையனுடைய தாயின் அழுகை இன்னமும் எனக்குக் கேட்கிறது.

இன்னொன்று. விவசாய இலவச மின்சாரம் பம்புசெட்டுக்குக் கொடுத்தது. அதை வேலிக்குத் திருப்பினால் அனுமதிக்காத பயன்பாடு என்று 2003 ஆம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 126 ஆவது பிரிவு வரும். யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும் அந்த நடவடிக்கை உண்டு.

மஞ்சக்குப்பம் வக்கீல்

ஒயர்மேன் ஐயா சொன்னதற்கு மேல் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது (பழையதில் 96 முதல் 106). உரிமை நிச்சயமாக இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் உடலை மட்டுமல்லாமல் உடைமையையும், ஏன், பக்கத்து வீட்டுக்காரரின் உடைமையையும் திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து காக்க நீங்கள் பலம் பிரயோகிக்கலாம். ஓடி ஒளிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எல்லையைப் போடுவது 37 ஆவது பிரிவு. காவல்துறை உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை கிடையாது. காப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் ஒரு துளி அடிக்கும் இடமில்லை. "அடுத்த வாரமும் வருவான், அதற்கு முன்னேற்பாடு" என்று சாவகாசமாக உட்கார்ந்து கம்பி கட்டும்போதே முதல் நிபந்தனை அடிபட்டுப் போகிறது.

அடுத்தது நம் ஊரில் பலருக்கும் தெரியாத விஷயம்: தோட்டம் வேறு, வீடு வேறு. உடைமையைக் காக்க உயிர் போகும் அளவுக்குப் போகலாம் என்று 41 ஆவது பிரிவு நான்கே சூழல்களைத்தான் சொல்கிறது. கொள்ளை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது. குடியிருக்கிற அல்லது பொருள் வைக்கிற கட்டடத்துக்குத் தீயோ வெடியோ வைப்பது. திருட்டு, சேதம், வீடு புகுதல் ஆகியவற்றில், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஆகும் என்று நியாயமாகவே அஞ்ச வேண்டிய நிலை. இந்த நான்கும்கூட 37 ஆவது பிரிவின் கட்டுக்குள்தான். பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறவன் இதில் எதிலுமே வரமாட்டான். திறந்த நிலத்தில் அத்துமீறி நுழைந்தவனைக் கொல்லும் அளவுக்குத் தற்காப்பு உரிமை நீளாது என்று ஜஸ்ஸா சிங் வழக்கில் 2002 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த அளவுக்கு நீளும் வகை, கட்டடத்துக்குள் புகுவதுதான். வீடு என்ற சொல்லுக்குள் பொருள் சேமிக்கிற கட்டடமும் அடங்கும் என்பதால் முந்திரி மூட்டை அடுக்கியிருக்கிற கிடங்கு அதில் வரும். பலா மரத்தடி வராது.

சரி, கரண்ட் வேலி. இதற்கு நேரடியாகவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. பீகாரில் ஒரு வீட்டுக்காரர். பக்கத்து வீட்டின் கழிப்பறைச் சுவர் இடிந்துவிட்டதால் அந்த வீட்டார் இவருடைய கழிப்பறையைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். இவர் எச்சரித்தார், கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போகிற வழியில் உறை இல்லாத செம்புக் கம்பியை இழுத்துக் கரண்ட் விட்டார். ஒரு பெண் தொட்டு இறந்தார். "என் இடம், அவர்கள் அத்துமீறி வந்தார்கள், இது தற்காப்பு" என்று வாதாடினார். செருபின் கிரிகோரி வழக்கு, 1963. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார். அத்துமீறி வந்தவர் என்பதற்காக ஒருவரை யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று ஆகிவிடாது, மறைவாகக் கொலைக்கருவி வைத்துக் காயப்படுத்த நில உரிமையாளருக்கு உரிமை இல்லை என்பதுதான் அதன் சாரம். தண்டனை உறுதியானது.

அன்றைக்கு அது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் போனது, அதிகபட்சம் இரண்டு வருஷம். இன்றைக்கு அதே குற்றத்துக்கு 106 ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை. "செத்தால் அவன் பாடு" என்று தெரிந்தே செய்ததாக அரசுத் தரப்பு நிரூபித்தால் 105 ஆவது பிரிவு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல். பத்து வருஷம் வரைக்கும் போகும். மாமா சொன்ன அந்த வாக்கியத்தை நாலு பேர் கேட்டிருந்தால், அதுவே சாட்சியம் ஆகும். தயவுசெய்து யோசியுங்கள்.

கெடிலக்கரை

ஐயா, படித்ததும் கை நடுங்குகிறது. கொல்லையின் தெற்கு மூலையில் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் குறுக்கே போவார்கள்.

ஒரு சந்தேகம். கரண்ட் வேண்டாம், ஆனால் ஆள் தெரியாமல் பள்ளம் தோண்டி மேலே தழை போட்டு வைக்கலாம், ஆணி அடித்த பலகையைப் புதைக்கலாம் என்றும் சொல்கிறார்களே?

மஞ்சக்குப்பம் வக்கீல்

அதுவும் அதே கதைதான். பொறிக்குக் கண் கிடையாது, அதுதான் அடிப்படைக் காரணம். நீங்கள் நேரில் நிற்கும்போது வந்தவன் திருடனா, சிறுவனா, வழி தவறியவனா என்று பார்த்துக் கையை நிறுத்த முடியும். பொறியால் முடியாது. அதனால்தான் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பொறி எப்போதுமே தாண்டிவிடுகிறது.

இங்கிலாந்தில் பழைய வழக்கு ஒன்று உண்டு. ஒருவர் விலை உயர்ந்த துலிப் பூச்செடிகள் வைத்திருந்த மதில் சூழ்ந்த தோட்டத்தில் கம்பி இடறினால் தானாக வெடிக்கிற துப்பாக்கியை மறைத்து வைத்தார். திருடன் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மயில் ஒன்று பறந்து உள்ளே போய்விட்டது. அதைப் பிடித்துத் தர ஓர் இளைஞன் மதில் ஏறிக் குதித்தான், குண்டு முழங்காலைத் துளைத்தது. எச்சரிக்கைப் பலகை வைக்காத தோட்டக்காரர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1828 இல் தீர்ப்பாயிற்று. அதற்கு முந்தைய வருஷமே அந்த நாட்டு நாடாளுமன்றம் அப்படிப்பட்ட துப்பாக்கிகளைத் தடை செய்திருந்தது. நம் பண்ருட்டிப் பக்கம் மயில் வேலி தாண்டுவது தினசரிக் காட்சி, அதனால்தான் இந்த வழக்கு எனக்கு மறப்பதில்லை.

மறைத்து வைப்பதற்கும் கண்ணுக்குத் தெரிய வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எட்டாத உயரத்தில் மதில் மேல் பதித்த கண்ணாடிச் சில்லும் முள்கம்பியும் "ஏறாதே" என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆனால் நடைபாதையை ஒட்டி, போகிறவர் தோளில் படுகிற உயரத்தில் முள்கம்பி கட்டினால் அந்தக் காயத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முத்தியால்பேட்டை பெரியவர்

இந்த விவாதத்தைப் பார்த்ததும் என் தாத்தா நினைவுக்கு வந்தார். பிரெஞ்சு ஆட்சியில் இங்கே புதுச்சேரி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். ராத்திரியில் மதில் ஏறி வருகிறவனை அடித்தால் கேள்வி இல்லை என்று அடிக்கடி சொல்வார். வெறும் வாய்ப்பேச்சாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிற்பாடு பார்த்தால் 1810 ஆம் வருஷப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் 329 ஆவது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. இரவில் குடியிருக்கும் வீட்டின் அல்லது அதைச் சேர்ந்த இடங்களின் வேலியையோ மதிலையோ ஏறி வருகிறவனைத் தடுக்கும்போது நடந்தது தற்காப்பாகவே கொள்ளப்படும். தோட்ட மதிலும் அதில் அடங்கும்.

புதுச்சேரியில் இன்றும் பல குடும்பங்களில் இந்த நினைப்பு தொடர்கிறது. என் மருமகனே "நம்ம ஊர்ச் சட்டம் வேற" என்றான். அது சரியில்லை. 1963 இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டபோதே அது முடிந்துவிட்டது. குடும்பச் சட்டத்தில் சிலருக்குப் பிரெஞ்சு முறை இன்றும் உண்டு, குற்றவியலில் கிடையாது. பாகூரில் என்ன சட்டமோ அதுதான் கடலூரிலும். இளைஞர்கள் பழைய கதையை நம்பி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் எழுதினேன்.

லாஸ்பேட்டை மாடிவீடு

நான் கேட்பது வேறு. கணவர் வெளிநாட்டில், நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் இருக்கிறோம். தோட்டம் எல்லாம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் பின்கதவை நெம்பி உள்ளே வந்துவிட்டான் என்றால், கையில் அரிவாள்மனையோ குழவியோ எது கிடைக்கிறதோ அதை எடுப்பேன். அப்போது தேவைக்கு மேல் அடித்தேனா என்று அளந்துகொண்டா இருக்க முடியும்? எல்லையைப் பற்றியே எல்லோரும் பேசுவதைப் படித்தால் எனக்குப் பயம் கூடுகிறது.

மஞ்சக்குப்பம் வக்கீல்

அம்மா, நீங்கள் பயப்பட வேண்டாம். உங்கள் நிலையில் சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. ராத்திரியில் கதவை உடைத்து வீட்டுக்குள் வந்தவன் 41 ஆவது பிரிவில் நேராக விழுகிறான். பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ உயிராபத்து, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு என்று அஞ்சக் காரணம் இருந்தால் உடலைக் காக்கும் 38 ஆவது பிரிவும் சேர்கிறது. ஆபத்து நேரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. நியாயமான அச்சம் வந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடும்.

அளப்பது பற்றிக் கேட்டீர்கள். திடீரென்று தாக்கப்பட்டவர் அந்தப் பதற்றத்தில் தன் ஒவ்வொரு அடியையும் தங்கத் தராசில் நிறுத்துப் போட முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 2010 இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையின் கொள்கைகளைப் பத்து அம்சங்களாகவே தொகுத்துக் கொடுத்தது. தற்காப்பை நீங்கள்தான் காட்ட வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் மனதில் இருக்கட்டும். அவன் விழுந்து கிடக்கிறான், எழ முடியவில்லை என்றால் அதோடு உரிமை முடிந்தது. ஜன்னல் வழியே குதித்து ஓடுகிறவனை வீதியில் துரத்திப் போய் வெட்டுவதும் அப்படித்தான். திருட்டைப் பொறுத்தவரை 43 ஆவது பிரிவு பொருளோடு அவன் தப்பிப் போகும்வரை, அல்லது பொருள் மீளும்வரை, அல்லது காவல்துறை உதவி கிடைக்கும்வரை என்று சொல்கிறது. பலாப்பழத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறவனின் முதுகில் விழுகிற அடி தற்காப்பு ஆகாது.

ஏதாவது நடந்துவிட்டால் உடனே 112, அடிபட்டவன் இருந்தால் 108. தரையைக் கழுவாதீர்கள், எதையும் இடம் மாற்றாதீர்கள், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். காயமடைந்த திருடனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டவர் வீட்டுப் பெண்தான் என்பது பின்னால் எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்று ஒரு வழக்கில் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை மாடிவீடு

நன்றி சார். இதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மிளகு ஸ்பிரே வாங்கி வைத்திருக்கிறேன், அது பரவாயில்லையா?

மஞ்சக்குப்பம் வக்கீல்

உண்மையான ஆபத்தில் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். ஆனால் வாசலில் நடக்கிற வாய்த்தகராறில் எடுத்தால் சிக்கல். உயிருக்கு ஆபத்தில்லாத தகராறில் ஸ்பிரே அடித்தவர்களின் வழக்கை ரத்து செய்ய கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 இல் மறுத்துவிட்டது.

முந்திரிக்காடு

சரி, கையில் சிக்கினவனை என்ன செய்வது? விட்டுவிடவா? மரத்தில் கட்டி வைத்துவிட்டு போலீசைக் கூப்பிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

பாகூர் டீச்சர்

முந்திரிக்காடு அண்ணன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். மரத்தில் கட்டுவது என்றாலே எனக்குப் பதறுகிறது.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்த இரண்டு பையன்கள் ஒரு மாந்தோப்பில் பத்துப் பன்னிரண்டு மாங்காய் பறித்துவிட்டார்கள். தோப்புக்காரர்கள் பிடித்து, சட்டையைக் கழற்றி, மாலைவரை மரத்தில் கட்டிவைத்தார்கள். வருகிற போகிறவர்கள் எல்லாம் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். சாதியைச் சொல்லித் திட்டினார்கள். ஒருவன் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. நன்றாகக் கணக்குப் போடுகிற பையன்.

கடைசியில் தோப்புக்காரர் மேல் வழக்கு வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போட்டதால் முன்ஜாமீன் கிடைக்கவில்லை. மாங்காய்த் திருட்டுப் புகார் அந்த வழக்குக்கு முன்னால் காணாமலே போய்விட்டது. அந்தத் தோப்புக்காரரும் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் வருஷக்கணக்கில் மாங்காய் போயிருக்கிறது. ஆனால் மாங்காய்க்காக ஒரு பிள்ளையின் படிப்பு போயிற்றே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மஞ்சக்குப்பம் வக்கீல்

டீச்சர் எழுதியதற்குச் சட்டக் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன், இது முக்கியம்.

பொதுமக்களில் ஒருவர் கைது செய்யலாம் என்பது உண்மை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40 ஆவது பிரிவு. ஆனால் உங்கள் கண்முன் நடந்திருக்க வேண்டும், அந்தக் குற்றம் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியதாகவும் ஜாமீனில் விட முடியாததாகவும் இருக்க வேண்டும், தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்குள் திருடியவனைப் பிடித்தால் இது பொருந்தும். தோப்பில் சில்லறைத் திருட்டு அப்படியில்லை. 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் புதிய சட்டத்தில் தண்டனையே சமூக சேவைதான். அந்த வகைத் திருட்டில் போலீசே நேரடியாகக் கைது செய்ய முடியாது. அப்படியிருக்க நாம் எப்படிக் கட்டிப்போட முடியும்? கட்டி வைத்தால் சட்டவிரோதச் சிறைவைப்பு, நியாய சன்ஹிதாவின் 127 ஆவது பிரிவு.

நாலு பேர் சேர்ந்து வெளுப்பது பற்றி. அதில் ஐந்தாவது ஆள் சேர்ந்துவிட்டால் சட்டவிரோதக் கூட்டம். ஒருவருடைய அடியில் உயிர் போனாலும் பொதுநோக்கம் என்ற பேரில் 190 ஆவது பிரிவின்படி எல்லோரும் அதே குற்றத்துக்குப் பொறுப்பு. வேடிக்கை பார்க்க வந்து ஒரு அறை விட்டவரும் சேர்ந்தே ஜெயிலுக்குப் போவார். முந்திரிக்காடு அண்ணே, உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கடலூர் மத்திய சிறையில் அப்படி ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறேன். சொந்த நிலத்தில் உழைத்துச் சாப்பிட்ட மனிதர்.

செய்யக்கூடியது: முகம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், ஆனால் எங்கும் பரப்பாதீர்கள். பெயர் கேளுங்கள், பொருளை வாங்கி வையுங்கள், 112 க்குச் சொல்லுங்கள். சிறுவன் என்றால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

வண்டிப்பாளையம்

சட்டம் எல்லாம் சரி, அவருக்கு ராத்திரி தூக்கம் வர வேண்டுமே. எங்கள் வீட்டில் செய்தது இது. கொல்லையில் இரண்டு இடத்தில் ஆள் அசைந்தால் எரிகிற சோலார் விளக்கு. ஒன்று அம்மா படுக்கிற ஜன்னலில் தெரிகிற மாதிரி வையுங்கள், நாய் எரிய வைத்ததா, ஆள் எரிய வைத்தானா என்று எழுந்து போகாமலே தெரியும். சிம் கார்டு போடுகிற கேமரா ஒன்று, மோட்டார் கொட்டகையைப் பார்த்தபடி. அது பக்கத்து வீட்டுக் குளியலறை, கொல்லைப் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். ஒயரைப் பூமிக்கடியில் குழாய்க்குள் இறக்கிவிடுங்கள். நாய் வளர்த்தால் பலகை மாட்டுங்கள், ஆனால் பலகை மாட்டிவிட்டோம் என்று அவிழ்த்து வீதியில் விடாதீர்கள். நாய் கடித்தால் 291 ஆவது பிரிவு என்று எங்கள் அண்ணன் ஒருமுறை ஸ்டேஷனில் தெரிந்துகொண்டு வந்தார்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பயன்பட்டது கிளுவை வேலி. மழைக்காலத்துக்கு முன்னால் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி நெருக்கமாக நட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் ஆடுகூட நுழையாது. முள் வெளியே தெரியும், யாரும் செத்தும் போக மாட்டார்கள்.

மஞ்சக்குப்பம் வக்கீல்

புகார் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். சி.எஸ்.ஆர். ரசீதோடு விட்டுவிடாதீர்கள். கல்லெறிந்தது, ஒயர் வெட்டியது, பழம் போனது, மூன்றையும் தேதியோடு ஒரே புகாராக எழுதி மின்னஞ்சலிலும் அனுப்பலாம். மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அதன்மேல் எஃப்.ஐ.ஆர். பதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. பதியவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார், அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட். வக்கீல் கட்டணம் முடியாவிட்டால் கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே உதவி உண்டு. புகார் உங்கள் அம்மா பெயரில் இருக்கட்டும்.

கெடிலக்கரை

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

வக்கீல் ஐயா எழுதியதை அன்று ராத்திரியே மாமாவுக்கும் அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒயர்மேன் ஐயா எழுதிய அந்த ஆட்டுக்காரர் பகுதி வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து, "பழம் போனா அடுத்த வருஷம் காய்க்கும், அந்தக் கம்பிய இன்னைக்கே எடு" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் அவரே வந்து குச்சிகளைப் பிடுங்கினார்.

புகாரை அம்மா பெயரில் மறுபடி அனுப்பிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இந்தத் தடவை எஃப்.ஐ.ஆர். நகல் கொடுத்துவிட்டார்கள். விளக்கு இரண்டு மாட்டியிருக்கிறேன். முதல் மூன்று ராத்திரி கீரிப்பிள்ளைதான் எரிய வைத்தது. அம்மா இப்போது விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

அடுத்து வேலி. மூன்று பக்கத்துக்கும் கிளுவை நடலாம் என்றிருக்கிறேன், தெற்கு மூலையில் பிள்ளைகள் போகிற பாதையை மட்டும் விட்டுவிட்டு. 300 போத்தாவது வேண்டியிருக்கும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வண்டி நானே கொண்டு வருகிறேன்.

முந்திரிக்காடு

எங்கள் வடக்கு வேலி முழுக்கக் கிளுவைதான் தம்பி. வெட்டிக்கொள்ளுங்கள், காசெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுக்கு முன்னால் வந்துவிடுங்கள். அரிவாள் நான் தீட்டி வைக்கிறேன்.